சேவலும் கோழியும்: விவிலியக் கிரேக்கச் சொல்லொன்றின் பொருளும் தமிழ் வழக்கும்

நான்கு நற்செய்தி நூல்களும் ஒருமித்துக் கூறும் நிகழ்ச்சிகள் மிகப் பல அல்ல. அவற்றுள் ஒன்று, பேதுரு தம் ஆசானை மறுதலித்த நிகழ்ச்சியாகும். கத்தோலிக்கத் தமிழர் நெடுங்காலம் இராயப்பர் என வழங்கிய இம்மீனவர், தலைமைக் குருவின் முற்றத்தில் நெருப்பருகே இருந்து, யேசுவைத் தமக்குத் தெரியாது என மும்முறை கூறினார். அவ்வேளை ஒரு சேவல் கூவிற்று. அக்குரல் கேட்டதும் முன்னர் உரைக்கப்பட்ட எச்சரிக்கை நினைவுக்கு வர, அவர் மனம் உடைந்தார். இந்நிகழ்ச்சியில் அப்பறவையைச் சுட்டும் கிரேக்கச் சொல் 'அலெக்தோர்' என்பதாகும்.

அச்சொல்லின் பொருள் யாவருக்கும் தெரிந்ததுதானே எனத் தோன்றலாம். ஆயின், அது பறவையைக் குறித்ததா, இராக்காலத்தின் ஒரு பகுதியைக் குறித்ததா, உரோமப் படைவீரரின் எக்காள ஒலியைக் குறித்ததா என்பன பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடுகள் நிலவி வந்துள்ளன. தமிழிலே அதனைச் சேவல் என்பதா, கோழி என்பதா என்பதும் எளிதிற் கடந்து செல்லக்கூடிய வினாவன்று. இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. தமிழ் வழக்கினை ஊன்றி நோக்குவோர்க்குக் கிரேக்க வழக்கின் சிக்கலொன்று தானாகவே தெளிவாகும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி செல்லும் வீதியில், கடலுக்கும் களப்புக்கும் அண்மையில் அமைந்த ஊர் சாம்பல்தீவு. இத்தகைய கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களிலே மணிக்கூடு பரவுவதற்கு முன்னர், இரவின் பொழுதை அறிய மக்களுக்கு உதவியவை விண்மீன்களும் வளவிற் கட்டின்றித் திரிந்த கோழிகளுமே. கரைவலை இழுக்கச் செல்வோருக்கும், வயற்காவலிலிருந்து மீள்வோருக்கும், மார்கழித் திருவெம்பாவைப் பூசைக்கு எழுவோருக்கும் 'முதற்கோழி கூவின நேரம்', 'கோழி கூவ முந்தி' என்பன கால அளவைகளாயின. இத்தொடர்களில் வருவது சேவல் அன்று, கோழி என்பது கருதத்தக்கது. கூவுவது ஆண்பறவையே என்பதை அறியாத கிராமத்தவர் எவருமிலர். இருந்தும் வழக்கு கோழி என்றே அமைந்தது. இதன் காரணத்தை ஆராயுமுன், கிரேக்கச் சொல்லின் வரலாற்றை நோக்குதல் பொருத்தமாகும்.

கிரேக்கச் சொல்லின் வரலாறு

கோழியினம் கிரேக்க நாட்டுக்கு உரியதன்று. அதன் மூதாதையான செங்காட்டுக்கோழி தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்வது. தாய்லாந்திலுள்ள பான் நொன் வாட் என்னுமிடத்திற் கிடைத்த, கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்ட எலும்புகளே வீட்டுக்கோழிக்கு மிகத் தொன்மையான உறுதியான சான்றுகள் என 2022-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. மேற்கு நோக்கிப் பரவிய இப்பறவை, கி.மு. 8ஆம் நூற்றாண்டளவில் மத்தியதரைக் கடற்பகுதியை அடைந்தது. ஓமரின் காவியங்களில் இப்பறவை இடம்பெறவில்லை. ஆயினும் அலெக்தோர், அலெக்துருவோன் ஆகிய இரு பெயர்களும் அவற்றில் மனிதரின் பெயர்களாக வருகின்றன. 'காப்பவன், தடுப்பவன்' என்னும் பொருள்தரும் வேரடியாகப் பிறந்த இப்பெயர், பின்னர் போர்க்குணமிக்க புதிய பறவைக்கு இடப்பட்டது என்பது மொழியியலாளர் பலரின் கருத்தாகும். 'படுக்கையினின்று எழுப்புவது' எனப் பொருள் கொண்டு, படுக்கையைக் குறிக்கும் 'லெக்துரோன்' என்னும் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்திய பழைய விளக்கமும் உண்டு. அஃது ஒலியொப்புமை கருதி எழுந்த விளக்கமேயாயினும், அம்மக்கள் அப்பறவையை எவ்வாறு நோக்கினர் என்பதை உணர்த்துகின்றது.

கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோக்னிசின் பாடலிலேயே சேவற்குரல் விடியலின் அடையாளமாகிவிடுகின்றது. ஏதென்சு நகரத்தாரின் பேச்சு வழக்கில் இப்பறவையின் பெயர் அலெக்துருவோன் ஆகும். 'அலெக்தோர்' என்னும் குறுகிய வடிவம் பிந்தார், எஸ்கிலஸ் முதலிய புலவர்களின் செய்யுள் வழக்காக இருந்தது. ஏதென்சு வழக்கின் சிறப்பியல்பு யாதெனில், அலெக்துருவோன் என்ற ஒரே சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நின்றமையாகும். கி.மு. 423-இல் முதன்முதலாக மேடையேறிய 'மேகங்கள்' என்னும் நாடகத்திலே அரிஸ்தோபனிஸ் இதனையே நகைச்சுவைக்குரிய பொருளாக்கினார். சோக்கிரதீஸ் தம்மிடம் கற்கவந்த முதியவரிடம், ஆணையும் பெண்ணையும் ஒரே பெயரால் அழைப்பது தவறு என்று கூறி, பெண்ணுக்குப் புதுச்சொல்லொன்றைப் படைத்து, ஆணுக்கு அலெக்தோர் என்பதை வரையறுக்கின்றார். வழக்குக்கு இலக்கணம் விதிக்கப் புகுந்த அறிஞரை நோக்கி அவையோர் சிரித்திருத்தல் வேண்டும்.

காலப்போக்கில் அந்நகைச்சுவையே நடைமுறையாயிற்று. அலெக்சாந்தர் காலத்தின் பின் பரவிய பொதுக்கிரேக்க மொழியில் அலெக்தோர் ஆண்பறவைக்குரிய இயல்பான சொல்லாக நிலைபெற்றது. பெண்பறவை அலெக்தோரிஸ் எனப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரினிக்கஸ் என்னும் இலக்கண ஆசிரியர், பழையோர் வழக்குப்படி இருபாலுக்கும் அலெக்துருவோன் என்றே வழங்குக என வற்புறுத்தினார். வழக்கு மாறிவிட்டது என்பதற்கு அவரது கண்டனமே சான்றாகும்.

எபிரேய மறையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த அலெக்சாந்திரிய யூதரும் இச்சொல்லைக் கையாண்டனர். நீதிமொழிகள் 30:31-இல், பெருமித நடையுடைய உயிர்களின் வரிசையில், பொருள் தெளிவற்ற எபிரேயத் தொடரொன்று வருகின்றது. அதனை அவர்கள் பெடைகளிடையே துணிவுடன் உலாவும் அலெக்தோர் என விளக்கினர். அதே இடத்தில் 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு வேட்டைநாயைக் காண்கின்றது. யோபு 38:36-இல் அறிவு பெற்றதாகக் கூறப்படுவது யாது என்பதும் ஐயத்துக்குரியது. இலத்தீன் மொழிபெயர்ப்பில் ஜெரோம் அதனைச் சேவல் எனவே கொண்டார். இரவும் பகலும் பிரியும் எல்லையை அறியும் அறிவு சேவலுக்கு உண்டு என்ற நம்பிக்கை யூதரிடையேயும் வேரூன்றியிருந்தது.

நற்செய்தி நூல்களில் அச்சொல்

புதிய ஏற்பாட்டில் அலெக்தோர் என்னும் சொல் பேதுருவின் மறுதலிப்புப் பற்றிய பகுதிகளில் மட்டுமே வருகின்றது. மத்தேயுவில் 3, மாற்குவில் 4, லூக்காவில் 3, யோவானில் 2 என 12 இடங்கள். இவற்றுள் மாற்கு 14:68-இலுள்ள இடம் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் காணப்படவில்லை. இச்சொல்லினடியாகப் பிறந்த 'அலெக்தோரொபோனியா', அதாவது சேவற்குரல் என்னும் தொடர்ச்சொல், மாற்கு 13:35-இல் ஒரேயொரு முறை வருகின்றது. அங்கே பறவை பற்றிய பேச்சே இல்லை. வீட்டுத் தலைவன் மாலையிலோ, நள்ளிரவிலோ, சேவற்குரல் வேளையிலோ, விடியலிலோ வரக்கூடும். ஆகையால் விழித்திருக்க வேண்டும் என்பதே அப்பகுதியின் கருத்தாகும்.

இந்நான்கும் உரோமர் இரவைப் பகுத்த நான்கு காவல்களாகும். பழைய யூதர் இரவை மூன்று காவல்களாகவே பகுத்தனர். உரோமர் ஆட்சியிலே நான்கு காவல் முறை பாலஸ்தீனத்திலும் வழக்காயிற்று. கலிலேயக் கடலில் எதிர்க்காற்றோடு போராடிய சீடரின் படகை யேசு அணுகியது நான்காம் காவலில் என மத்தேயுவும் மாற்குவும் கூறுதல் இதற்குச் சான்று. நள்ளிரவு தொடக்கம் ஏறத்தாழ 3 மணி வரையுள்ள மூன்றாம் காவலே சேவற்குரல் வேளையாகும். இலத்தீனில் இது 'கல்லிசீனியும்' எனப்பட்டது. கி.பி. 238-இல் சென்சோரினஸ் எழுதிய நூலில், நள்ளிரவின் பின் சேவல்கள் கூவத் தொடங்கும் பொழுதும், அவை கூவி ஓயும் பொழுதும், அதன்பின் விடியலுக்கு முந்திய பொழுதும் தனித்தனியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. தமிழரின் இராக்காலப் பகுப்பும் இதனோடு ஒப்பிடத்தக்கது. ஏழரை நாழிகை கொண்ட யாமம் 3 மணி நேரமாகும். நான்கு யாமங்கள் சேர்ந்தது ஓர் இரவு.

மாற்கு மட்டும் சேவல் இருமுறை கூவுவதைக் குறிப்பிடுகின்றார். ஏனைய மூவரும் எண் குறிப்பிடவில்லை. இவ்வேறுபாடு பலரை இடர்ப்படுத்தியுள்ளது. ஆயின், 'இரண்டாம் சேவற்குரல்' என்பது அக்கால மக்களின் பொதுவழக்காகும். அரிஸ்தோபனிஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'மகளிர் அவை' நாடகத்தில் ஒருவர், நேரமொன்றைக் குறிக்க வேண்டி இரண்டாம் சேவற்குரலைச் சுட்டுகின்றார். கி.பி. 2ஆம் நூற்றாண்டு இலத்தீன்ப் புலவர் யுவெனாலும் இரண்டாம் சேவலின் குரலை ஒரு நேரக்குறிப்பாகவே ஆளுகின்றார். ஆகவே மாற்கு கூறுவது மக்கள் அறிந்த நேரக்கணிப்பு முறையைச் சார்ந்ததேயாகும்.

பறவையா, எக்காளமா?

இந்நிலையில், நற்செய்தி நூல்கள் குறிப்பிடுவது பறவையை அன்று என வாதிட்டோர் இரு காரணங்களை முன்வைத்தனர். முதலாவது, யூதரின் மிஷ்னா நூலிலுள்ள ஒரு விதி. தூய பொருள்களின் தூய்மை கெடாதிருத்தற்பொருட்டு எருசலேமில் கோழி வளர்க்கலாகாது என அது கூறுகின்றது. கோழியில்லா நகரில் சேவல் கூவுவது எங்ஙனம் என்பது அவர்தம் வினா. ஆகவே அது அந்தோனியாக் கோட்டையில் மூன்றாம் காவல் முடிவில் ஊதப்பட்ட எக்காள ஒலியாதல் வேண்டும் என்றனர். இரண்டாவது காரணம் ஓர் எபிரேயச் சொல். மிஷ்னாவில் கோவிற்பணிகள் தொடங்கும் நேரத்தைச் சுட்டும் தொடரில் 'கெவேர்' என்னும் சொல் வருகின்றது. அஃது ஆடவனையும் குறிக்கும், சேவலையும் குறிக்கும். கோவிற் பணியாளரை எழுப்பும் கூவியோன் ஒருவனையே அது சுட்டுகின்றதோ எனத் தல்முத் அறிஞரே விவாதித்துள்ளனர். எனவே பேதுரு கேட்டதும் அத்தகைய ஆட்குரலே என்பது சிலரின் முடிபு.

இவ்விரு வாதங்களும் வலுவுடையன அல்ல. விதி ஒன்று எழுதப்பட்டமையால் அது முற்றாகப் பின்பற்றப்பட்டது என்பது பெறப்படாது. அதே மிஷ்னாவின் பிறிதோரிடத்தில், ஓர் உயிரைக் கொன்றமைக்காக எருசலேமில் ஒரு சேவல் கல்லெறிந்து கொல்லப்பட்டது என்ற செய்தி உண்டு. நகரிற் சேவலே இல்லையெனில் இச்செய்திக்கு இடமில்லை. தொல்பொருட் சான்றுகளும் இதற்கு அரணாகின்றன. தெல் என்-நஸ்பே என்னுமிடத்தில் 1932-இற் கண்டெடுக்கப்பட்ட யாசனியாவின் முத்திரை கி.மு. 600 அளவினது. அதிலே போர்ச்சேவலின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. யூதேயாவின் தெற்கேயுள்ள மாரேஷாவில் கிரேக்கர் ஆட்சிக்காலத்திற் கோழி பெருமளவில் உணவுக்காக வளர்க்கப்பட்டமை 2015-இல் வெளியான ஆய்வினால் அறியப்பட்டுள்ளது.

மொழிநிலையிலும் அவ்வாதம் பொருந்தாது. நற்செய்தியாளர் அலெக்தோர் என்றே எழுதினர். கிரேக்கத்தில் அச்சொல் ஆடவன் என்றோ எக்காளம் என்றோ பொருள்படுவதில்லை. கூவுதலைக் குறிக்க அவர்கள் ஆண்ட வினைச்சொல் மனிதர் குரலெடுத்து அழைத்தலுக்கும் உரியது என்பது உண்மையே. தமிழில் 'கூவு' என்பதும் அத்தன்மையதே. குயில் கூவும், சேவல் கூவும், வணிகன் பொருளைக் கூவி விற்பான். வினைச்சொல் பொதுவாயிருத்தலால் எழுவாயை மாற்றிவிடுதல் கூடாது.

இனி, சேவற்குரல் ஒரு காவலின் பெயர். ஆகவே பேதுரு கேட்டது பறவையின் குரல் அன்று என்ற வாதத்தில் ஒரு மறைந்த எடுகோள் உண்டு. ஒரு சொல் நேரத்தின் பெயராகிவிட்டால் பறவையின் பெயராக நில்லாது என்பதே அவ்வெடுகோள். இது மணிக்கூட்டுக்குப் பழகியோரின் எண்ணமாகும். பறவையும் பொழுதும் ஒரே சொல்லில் அடங்கும் வழக்கு தமிழிலே தெளிவாக உண்டு.

தமிழிற் கோழியும் சேவலும்

தொல்காப்பிய மரபியல், சேவல் என்பதனைக் கோழிக்கு மட்டும் உரிய பெயராக விதிக்கவில்லை. சிறகுடைய பறவைகளின் ஆண்பாற் பெயராகவே அதனைக் கூறுகின்றது. மயிலுக்கு மட்டும் விலக்களிக்கின்றது. ஆகவே அன்றிலின் ஆணும் அன்னத்தின் ஆணும் சேவலே. பெண்பாற் பெயர்களுள் 'அளகு' என்பதைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக அந்நூல் சுட்டுகின்றது. இதனால், இனத்தின் பெயர் கோழி. அதன் ஆண் சேவல். பெண் அளகு அல்லது பெடை என்னும் முறைமை பெறப்படும். கோழி என்பது இன்று பேச்சிற் பெரும்பாலும் பெண்பறவையைச் சுட்டினும், தொன்மை வழக்கில் அது பாற்பொதுச் சொல்லாகும். ஏதென்சு நகரத்தாரின் அலெக்துருவோன் நின்ற நிலையும் இதுவே.

சங்க இலக்கியம் இதனை நன்கு காட்டுகின்றது. குறுந்தொகை 157ஆம் பாட்டில், அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி விடியலைக் கண்டு அஞ்சுகின்றாள். அவளை அஞ்சவைத்த குரலுக்குரியது கோழி என்றே சுட்டப்படுகின்றது. 107ஆம் பாட்டில், மதுரைக் கண்ணனாரின் தலைவி, தன்னை இன்துயிலினின்று எழுப்பிய பறவையைச் சேவல் என விளித்து, அது காட்டுப்பூனையின் குட்டிக்கு இரையாகுக எனச் சபிக்கின்றாள். அங்கே புலவர் அதன் சிவந்த கொண்டையையும் வருணித்து, எப்பறவையின் சேவல் என்பதை ஐயமற உணர்த்திவிடுகின்றார். பொழுதைப் பற்றிய அச்சம் முதன்மை பெறும் இடத்திற் கோழி. பறவையையே முன்னிலைப்படுத்தி வையுமிடத்திற் சேவல். இவ்விரண்டு பாடல்களைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் இயலாதெனினும், பிற்கால வழக்கும் இத்திசையிலேயே செல்கின்றது.

மாணிக்கவாசகரின் திருவெம்பாவையிலும் ஆண்டாளின் திருப்பாவையிலும் மகளிரைத் துயிலெழுப்பும் விடியற்குரல் கோழியினுடையது. குறுந்தொகை 305ஆம் பாட்டில் குப்பையிற் பொருவனவும் கோழிகளே. அப்பாடலைப் பாடிய புலவரும் குப்பைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், போர்ச்சேவலொன்றுக்கு எடுக்கப்பட்ட வட்டெழுத்து நடுகல் உண்டு. அப்பறவையைக் கல்வெட்டு கோழி எனவே குறிக்கின்றது. சேவற்கொடியோன் எனவும் கோழிக்கொடியோன் எனவும் முருகன் அழைக்கப்படுதலும் இவ்வகையினதே. 'பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியுமா' என்ற பழமொழியின் கருத்து இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் அதன் சொல்லமைதி ஓர் உண்மையைக் காட்டுகின்றது. கோழி என்ற அளவில் பெண்பறவை பெறப்படாமையாலேயே பெட்டை என்னும் அடைமொழி வேண்டப்பட்டது.

பொழுதைக் குறிக்கும் தொடர்களிலும் கோழியே இடம்பெற்றது. சாமக்கோழி, முதற்கோழி, கோழி கூவும் நேரம் என்பன அவை. 'அவர் முதற்கோழியோடு புறப்பட்டார்' என ஒருவர் கூறுங்கால், குறிப்பிட்ட வளவொன்றிற் குறிப்பிட்ட பறவையொன்று கூவியதை அவர் கேட்டார் என்பது பொருளன்று. அதேவேளை, அப்பொழுதில் எங்கோ ஒரு கோழி கூவியிருக்கும் என்பதையும் கேட்போர் ஐயுறார். பொழுதின் பெயர் பறவையைத் துரத்திவிடவில்லை. சேவலின் பால்குறிப்பு இங்குத் தேவையற்றதாகையால், இனப்பெயரே பொழுதின் பெயராயிற்று.

மொழிபெயர்ப்பாளரின் தெரிவு

விவிலியம் தமிழாக்கப்பட்ட வரலாற்றில் ஈழத்துக்குரிய பங்கு பெரிது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பல்தேயஸ், 1672-இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட நூலில் தமிழ் எழுத்துகளையும் இறைவேண்டலையும் அச்சிட்டார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-இலும் 1715-இலும் அச்சேறியது. கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759-இல் ஒல்லாந்தரின் கொழும்பு அச்சகத்தில் வெளிவந்தது. பப்ரிசியஸின் புதிய ஏற்பாடு 1772-இல் வெளியாயிற்று. யாழ்ப்பாணத்திலே பீற்றர் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையுடன் உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சிடப்பட்டது. சென்னை, யாழ்ப்பாணம் ஆகிய இரு தரப்பாரும் ஒப்பும் வகையில், ஹென்றி பவரின் தலைமையில் ஒரு திருத்தப்பதிப்பு அமைந்தது. 1871-இல் நிறைவெய்திய இதுவே புரட்டஸ்தாந்தத் தமிழரின் வழிபாட்டில் நிலைபெற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பாகும். 1995-இல் கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் இணைந்து பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை வெளியிட்டனர்.

ஐக்கிய மொழிபெயர்ப்பும் பொது மொழிபெயர்ப்பும் நடையில் மிக வேறுபடுவன. ஆயினும் அலெக்தோர் என்பதற்கு இரண்டும் சேவல் என்ற சொல்லையே ஆளுகின்றன. மத்தேயு 23:37-இல் குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் தாய்ப்பறவைக்கு இரண்டும் கோழி என்னும் சொல்லை வைத்துள்ளன. அங்குள்ள கிரேக்கச் சொல் 'ஒர்னிஸ்'. அதுவும் முதலிற் பறவை எனப் பொதுவாகப் பொருள்பட்டுப் பின்னர் பெட்டைக் கோழிக்குச் சிறந்து நின்ற சொல்லேயாகும். மூலத்தில் வெவ்வேறாக நிற்கும் இரு சொற்களைத் தமிழிலும் வேறுபடுத்தியமை பாராட்டத்தக்கது. எருசலேமைக் குறித்து இரங்கும் யேசு தம்மை ஒப்பிட்டுக் கூறுவது அணைக்கும் தாய்ப்பறவையை. பேதுருவின் செவியில் விழுவது அவரை உணர்த்தும் ஆண்பறவையின் குரலை. இரண்டும் ஒரே சொல்லால் வழங்கின் இவ்வேறுபாடு மங்கிவிடும். ஆகவே மறுதலிப்புப் பகுதியிற் சேவல் என்பதே தகுந்த தெரிவாகும். பொதுக்கிரேக்க மொழியில் அலெக்தோர் ஆண்பறவைக்கே உரியதாகிவிட்டமையும் இத்தெரிவுக்கு அரணாகின்றது.

ஆயின், மாற்கு 13:35-இன் நிலை வேறு. அங்கே வருவது ஒரு காவலின் பெயர். மாலை, நள்ளிரவு, விடியல் என்னும் பொழுதுப் பெயர்களோடு அது வரிசைப்பட்டு நிற்கின்றது. அவ்விடத்திலும் இரு மொழிபெயர்ப்புகளும் சேவல் கூவும் பொழுது என்னும் பொருள்படவே அமைந்துள்ளன. இது பிழையன்று. ஆயினும் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட பொழுதுப் பெயராகிய கோழி கூவுஞ் சாமம் கிராமத்துச் செவிக்கு உடனே நேரத்தை உணர்த்தியிருக்கும். சேவல் கூவும் நேரம் என்கையில் ஒரு பறவையும் அதன் செயலும் முன்னிற்கின்றன. கோழி கூவுஞ் சாமம் என்கையில் இரவின் ஒரு பகுதி முன்னிற்கின்றது. காவலரைப் போல் விழித்திருக்க வேண்டும் என்ற அறிவுரைக்கு வேண்டப்படுவது பின்னதேயாகும். பறவைக்குச் சேவலையும் பொழுதுக்குக் கோழியையும் பயன்படுத்தும் வசதி தமிழுக்கு இயல்பாகவே இருந்தது. கிரேக்கமூலம் ஒரே வேரினின்று பெற்ற இரு சொற்களைத் தமிழ் தன் வழியில் இன்னும் நுட்பமாக வேறுபடுத்தியிருக்கக்கூடும்.

கிராம வழக்குத் தரும் விளக்கம்

மாற்குவின் இருமுறைக் கூவலுக்கும் ஏனையோரின் ஒருமுறைக் கூவலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இவ்வழக்கின் ஒளியில் நோக்கலாம். மணிக்கூடற்ற ஊரில் எண் கூறாது 'கோழி கூவ முந்தி' எனின், விடியலை அடுத்த பெருங்கூவலுக்கு முன் என்றே பொருள்படும். நள்ளிரவு கடந்து எங்கோ ஒன்று கூவுவதை எவரும் கணக்கிற் கொள்வதில்லை. நேரத்தை நுணுக்கமாகச் சுட்ட விரும்புவோரே முதற்கோழி, இரண்டாங்கோழி என எண்ணிக் கூறுவர். எனவே ஒருவர் எண்ணிக் கூறியதையும் மற்றவர் எண்ணாது கூறியதையும் முரண்பாடாகக் கொள்ளவேண்டியதில்லை. இருவரும் குறிப்பது ஒரே பொழுதாக இருக்கலாம். இம்முரணைத் தீர்ப்பதற்காகப் பறவையை நீக்கி எக்காளத்தைப் புகுத்த வேண்டிய தேவையும் இல்லை.

சேவல் பொழுதறியும் என்ற பழைய நம்பிக்கையை இக்கால அறிவியலும் பெரிதும் உறுதிப்படுத்தியுள்ளது. ஜப்பானின் நாகோயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைக்கப்பட்ட சேவல்களும் ஏறத்தாழ ஒரு நாள் இடைவெளியில் ஒழுங்காகக் கூவின. அவற்றின் உடலில் அமைந்த கால உணர்வே அதற்குக் காரணம். இயற்கை ஒளிச் சூழலில் விடியலுக்குச் சுமார் 2 மணி நேரம் முன்னரே கூவல் தொடங்குகின்றது. வெளிச்சத்தைக் கண்டு கூவுவதன்று. வரவிருக்கும் வெளிச்சத்தை முன்னறிந்து கூவுவது அது. இருளிலேயே விடியலை அறிவிக்கும் இவ்வியல்பே, பண்டைக்காலக் காவலரும் மீனவரும் அதனை நம்பியமைக்குக் காரணமாகும்.

பேதுருவும் ஒரு மீனவரே. இரவெல்லாம் வலைவீசி விடியலில் கரைசேரும் வாழ்வு அவருடையது. யோவானின் இறுதி அதிகாரத்திலும் அவர் அத்தகையதோர் இரவின் முடிவிலேயே கரையில் நின்ற ஆசானைக் காண்கின்றார். மும்முறை மறுதலித்தவரிடம் அங்கே மும்முறை அன்பு வினவப்படுகின்றது. சேவற்குரல் அவருக்கு அறிமுகமற்ற ஓர் அற்புதமன்று. நாள்தோறும் வலையைச் சுருட்டும் நேரத்தை அறிவித்த, நன்கு பழகிய குரலே அது. அப்பழகிய குரல் அன்றிரவு வேறொன்றை அறிவித்தமையே அவரை உடைத்தது. எக்காளத்தையோ கோவிற் கூவியோனையோ அவ்விடத்தில் வைப்போர் இவ்வெளிமையை இழந்துவிடுகின்றனர்.

போராலும் இடப்பெயர்வாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் அலைக்கழிந்த திருகோணமலைக் கரையோரத்தில், பொழுதைக் கோழியால் அளந்த வழக்கு இன்று அருகி வருகின்றது. கைத்தொலைபேசி நேரங்காட்டும் காலத்தில் முதற்கோழிக்கும் இரண்டாங்கோழிக்கும் உள்ள வேறுபாட்டை இளையோர் அறியாதிருத்தல் வியப்பன்று. ஆயினும் இத்தகைய தொடர்கள் மறையும்போது, அவற்றோடு பழைய நூல்களைப் பொருளுணர்ந்து கற்பதற்கான வாயிலொன்றும் அடைபடுகின்றது. சங்கப் பாடலுக்கும் திருவெம்பாவைக்கும் மட்டுமன்றி, தொலைதூரத்துக் கிரேக்க நூலொன்றுக்கும் சாம்பல்தீவு போன்ற ஊர்களின் பேச்சு வழக்கு உரைகாண உதவும் என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். முதியோர் நாவில் எஞ்சியிருக்கும் பொழுதுப் பெயர்களை ஊர்தோறும் கேட்டுத் தொகுத்தல், தமிழும் வரலாறும் பயிலும் பல்கலைக்கழக மாணவர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.